பெரும்பாலும் டீச்சர்

"உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டபோது எனக்குப் பன்னிரண்டு வயது. தலைமையாசிரியர் அறையில், மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருக்கலாம். இரண்டும் எனக்கு வரவில்லை. வேறொரு வார்த்தை வந்தது. அந்த வார்த்தையால் ஒருவருடைய வேலை போனது. அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அவர் எங்களுக்கு ஏழாம் வகுப்பில் கணக்கு எடுத்தார். பேருந்துப் பணிமனை மெக்கானிக் ஒருவரின் இரண்டாவது மகள். அப்பா இறந்த பிறகு அக்கா வீட்டில் தங்கியிருந்தார். பள்ளிக்கூடத்தில் அவர் ஒப்பந்த ஆசிரியர். ஒவ்வொரு வருடமும் ஜூன் மாதம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு இன்னும் ஒரு வருடம் இருக்கலாம் என்பார்கள். எட்டுத் தடவை அப்படிக் கையெழுத்துப் போட்டவர். ஒன்பதாவது ஜூனில் ஒரே ஒரு நிரந்தர இடம் வரப்போகிறது, அது அவருக்குத்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். நிரந்தரமானதும் தனியாக வீடு பார்த்துக்கொண்டு போய்விட வேண்டும் என்று காத்திருந்தார். அக்கா வீட்டில் அவருக்கு அறை கிடையாது. கூடத்தில், தையல் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் பாய். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது.

அவரை நல்லவர், அன்பானவர் என்றெல்லாம் எழுத முடியாது. சுள்ளென்று பேசுவார். தப்பான விடை சொன்னால், "உக்காரு, உன் மூளை இன்னும் பஸ்ல வந்துட்டிருக்கு" என்பார். ஆசிரியர் அறையிலும் இதே வாய்தான்.

புதன்கிழமை கடைசி மணி நூலக வகுப்பு. நூலகம் என்பது இரண்டு பூட்டிய பீரோ. அந்த மணியை எந்த ஆசிரியரும் ஏற்கவில்லை, அவர் தலையில் கட்டிவிட்டார்கள். அதில்தான் அவர் எங்களுக்கு யோசிக்கச் சொல்லித் தந்தார்.

பழைய அட்டைப் பெட்டிகளை வெட்டி ஆளுக்கு மூன்று அட்டை கொடுத்தார். ஒன்றில் 'நிச்சயம்', ஒன்றில் 'பெரும்பாலும்', ஒன்றில் 'இருக்கலாம்'. எந்தப் பதில் சொன்னாலும் அதோடு ஒரு அட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டும். அட்டை இல்லாத பதிலுக்கு அந்த வகுப்பில் மதிப்பில்லை.

"நம்ம ஸ்கூல்ல படிக்கிற எல்லார்கிட்டயும் அடையாள அட்டை இருக்கு. ரேடியோ நம்ம ஸ்கூல்ல படிக்கிறான். அப்ப?"

ரேடியோ என்பது எங்கள் வகுப்பில் வாய் ஓயாத ஒருவனின் பட்டப்பெயர்.

"அவன்கிட்ட அட்டை இருக்கு!" என்று நாற்பது 'நிச்சயம்' அட்டைகள் எழும்பின.

ரேடியோ மட்டும் எழுந்து, "டீச்சர், என்னோடது போன வாரமே தொலைஞ்சு போச்சு" என்றான்.

வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். "பாத்தீங்களா? நீங்க நடந்த வழி சரிதான். புறப்பட்ட இடம் தப்பு. எல்லார்கிட்டயும் இருக்குன்னு நான் சொன்னதை எவனாவது சரிபார்த்தீங்களா?"

ஒரு விதியிலிருந்து இறங்கி வந்தால், விதி உண்மையாக இருந்தால், முடிவு நிச்சயம். பல தடவை பார்த்ததை வைத்து ஒரு விதியைச் சொன்னால் அது பெரும்பாலும். தரை ஈரமாக இருக்கிறது, மழை பெய்திருக்கும் என்று அடையாளத்திலிருந்து பின்னோக்கிப் போனால் அது இருக்கலாம், ஏனென்றால் யாராவது தண்ணீர் தெளித்திருக்கவும் கூடும். இப்படித்தான் எங்களுக்குப் புரிய வைத்தார். பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லக் கூடாது என்பதை மட்டும் வாரா வாரம் சொன்னார்.

வாதத்தில் வரும் பிழைகளுக்கு அவரே பெயர் வைத்திருந்தார். பேச்சை விட்டுவிட்டுப் பேசுகிறவரைத் தாக்கினால் 'ஆளைப் பிடித்தல்'. எல்லாரும் சொல்கிறார்கள் அதனால் உண்மை என்றால் 'கூட்டத்தைக் காட்டல்'. ஒன்றுக்குப் பிறகு இன்னொன்று நடந்தால் முதலாவதுதான் காரணம் என்பது 'பின்னால் வந்ததால் அதனால்'. வீட்டில் கேட்ட பிழைகளைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுவரச் சொல்வார். யார் சொன்னது என்று எழுதக் கூடாது.

ஆனாலும் ரேடியோ வாயால் உளறிவிடுவான். "டீச்சர், எங்க அப்பா ஷேவ் பண்ற அன்னைக்கெல்லாம் நம்ம டீம் தோத்துடுதாம். அதனால மேட்ச் அன்னைக்கு ஷேவ் பண்ண மாட்டார்."

"அப்ப உங்கப்பா வருஷம் பூரா தாடி வளர்த்தா உலகக் கோப்பை நம்ம வீட்டுக்கு வந்துடுமா?"

"அம்மா வீட்டை விட்டுப் போயிடுவேங்கறாங்க டீச்சர்."

"அது நிச்சயம்."

இப்படித்தான் அவருக்கு 'பெரும்பாலும் டீச்சர்' என்று பெயர் வந்தது. மற்ற வகுப்புப் பிள்ளைகள் கேலியாகச் சொன்னார்கள், நாங்கள் பெருமையாகச் சொன்னோம். அவருடைய அக்கா வீட்டுக்காரர் காதுக்கும் அது போய்ச் சேர்ந்தது. "உனக்குப் பெரும்பாலும் மாப்பிள்ளை கிடைப்பான், கவலைப்படாதே" என்று சாப்பிடும்போது சொல்லிச் சிரிப்பாராம்.

ஒருமுறை ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியர், காலை வகுப்பை அரை மணி முன்னால் தொடங்கியதால்தான் போன வருடம் தேர்ச்சி கூடியது என்று சொல்லியிருக்கிறார். இவர் எழுந்து, "சார், அதே வருஷம்தான் சரியாப் படிக்காத பதினோரு பேரை டி.சி. குடுத்து அனுப்பினோம்" என்றாராம். அதன் பிறகு தேநீர் வரும்போது அவருக்கு மட்டும் தம்ளர் குறையும். பக்கத்தில் இருந்த தமிழாசிரியைதான் பிற்பாடு இதை என் அம்மாவிடம் சொன்னார்.

இனி அந்த மதியம்.

பருவத் தேர்வுக்கு முந்தின நாள். வகுப்பில் மாட்டுவதற்கு வாரம் ஒரு பெரிய தாள் எழுதுவோம். என் கையெழுத்து குண்டாக இருக்கும் என்பதால் என்னை எழுதச் சொல்வார். ஆறு தாள் முடிந்து ஏழாவது. அடுத்த புதன்கிழமைப் பாடத்துக்கானது. தலைப்பு, 'யார் நிரூபிக்க வேண்டும்?' அந்தப் பாடத்தை அவர் இன்னும் நடத்தவில்லை. நான் எழுத்துகளுக்குச் சிவப்பு வண்ணம் மட்டும் அடித்துக்கொண்டிருந்தேன். மதிய இடைவேளை முழுவதும் எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்து நோட்டுத் திருத்தியபடியே, "ரூ-வுக்கு வால் எங்க? அது என்ன, பட்டினி கிடந்த எலி மாதிரி" என்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் பள்ளியில் மதிய இடைவேளை முடிய இரண்டு தடவை மணி அடிக்கும். ஒன்று பத்துக்குச் சின்னப் பிள்ளைகள் மணி. ஒன்று பதினைந்துக்கு எங்கள் மணி. சின்னப் பிள்ளைகள் உள்ளே போன பிறகுதான் குழாயடியில் இடம் கிடைக்கும். அதனால் முதல் மணி அடித்ததும் நான் தண்ணீர் குடிக்கப் போனேன். அவர் பெஞ்சில்தான் இருந்தார். நான் திரும்பி வந்து தூரிகையை எடுத்த பிறகுதான் எங்கள் மணி அடித்தது. அப்போதும் அவர் பெஞ்சில்தான் இருந்தார்.

மறுநாள் காலை, பழைய கட்டடத்து மாடியில் பொருள் அறையைத் திறந்தபோது, ஏழாம் வகுப்புக் கணக்கு வினாத்தாள் கட்டின் சீல் பிரிந்திருந்தது. ஒரு தாள் குறைந்தது.

சாவிப் பதிவேட்டில் கடைசியாகக் கையெழுத்துப் போட்டிருந்தவர் எங்கள் டீச்சர். முந்தின நாள் காலை, எனக்கு எழுதுவதற்குத் தாள் எடுத்துத் தர வாங்கியிருந்தார். திருப்பிக் கொடுத்தும்விட்டார். அந்தச் சாவி எழுத்தர் நாற்காலிக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கும். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் எழுத்தர், மதிய இடைவேளையில் டீச்சர் பொருள் அறைக்குள் போவதைப் பார்த்தேன் என்றார். அவர் நின்றது கீழே மைதானத்தில். பார்த்தது முதுகை. எங்கள் ஆசிரியைகள் எல்லாருமே பழுப்பு ஓவர்கோட் போடுவார்கள். இருந்தாலும், "நிச்சயமா அவங்கதான்" என்றார். அவருடைய மனைவியின் தங்கையும் அங்கே ஒப்பந்த ஆசிரியை. அந்த ஒரே நிரந்தர இடத்துக்கு டீச்சருக்கு அடுத்த பெயர் அவருடையது. இதை வைத்து எழுத்தர் பொய் சொன்னார் என்று நான் எழுத மாட்டேன். உண்மையாகவே முதுகைப் பார்த்து ஏமாந்திருக்கலாம். 'இருக்கலாம்' அட்டைக்கு மேல் தூக்க என்னிடம் ஆதாரம் இல்லை.

மூன்றாம் நாள் விசாரணை. தலைமையாசிரியர் அறையில் அவரும் நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். நடப்பதை ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். யாரென்றால், அதே எழுத்தர். எழுதுவது அவர் வேலையாம். டீச்சரை வெளியே உட்கார வைத்திருந்தார்கள். என் அம்மாவும் வெளியே.

நிர்வாக உறுப்பினர் ஒரு தாளைப் பார்த்துவிட்டுத் தலைமையாசிரியரிடம் சொன்னார். "இந்தப் புதன்கிழமை கிளாஸ் ஆரம்பிச்ச பிறகுதான் ஏழு பி-யில கணக்கு மார்க் ஏறியிருக்கு. அப்ப முன்னாடியே கேள்வித்தாள் குடுத்துப் பழக்கியிருக்காங்கன்னுதானே அர்த்தம்?"

'பின்னால் வந்ததால் அதனால்!' என்று என் மனசு துள்ளியது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அந்த அறையில் அந்த நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிழையைக் கண்டுபிடித்துவிட்டேன், டீச்சரிடம் சொன்னால் மெச்சுவார் என்று நினைத்துக்கொண்டு வாயை மூடி நின்றேன்.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மதியம் பூரா டீச்சர் உன் கூடவே இருந்தாங்களாம்மா?"

"இருந்தாங்க சார்."

"நடுவுல நீ எங்கயாவது போனியா?"

"தண்ணி குடிக்கப் போனேன் சார்."

"சரி. நீ தண்ணி குடிக்கிற நேரத்துல டீச்சர் அந்த ரூம்லயேதான் இருந்தாங்கன்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

நான் பார்க்கவில்லை. பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லக் கூடாது. பாவாடைப் பையில் மூன்று அட்டைகளும் இருந்தன. எது சரியான அட்டை என்று யோசித்தேன்.

"பெரும்பாலும் சார்" என்றேன்.

எழுத்தர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். குனிந்து எழுதினார். மாணவி உறுதி செய்யவில்லை என்று எழுதியதாகப் பிறகு தெரிந்தது. அவர் சொன்ன 'நிச்சயமா' அதற்கு மேல் வரியிலேயே இருந்திருக்கும்.

வெளியே வந்ததும் அம்மா கேட்டாள். சொன்னேன்.

"அடிப் பாவி! ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"நான் பாக்கலியேம்மா."

"நீ பாத்ததை யாருடி கேட்டா? அந்தப் பொண்ணு எடுத்திருக்குமான்னுதானே கேட்டாங்க!"

அப்பா வீட்டில் எனக்குப் பரிந்து பேசினார். "குழந்தை உள்ளதைச் சொல்லியிருக்கு. அதுக்குப் போயி ஏன் கத்தற?"

"உள்ளதைச் சொன்னாளாம். எல்லாரும் இல்லாததைச் சொல்ற இடத்துல இவ ஒருத்தி உள்ளதைச் சொன்னாளாம்" என்று அம்மா பாத்திரத்தை ஓங்கி வைத்தாள்.

டீச்சர் அந்த வாரமே போய்விட்டார். ஒப்பந்தம் என்பதால் நீக்கம் என்றுகூட எழுத வேண்டியிருக்கவில்லை, இனி வர வேண்டாம் என்றார்கள், ஜூனில் புதுத் தாளை நீட்டவில்லை, அவ்வளவுதான். எழுத்தருடைய மைத்துனி நிரந்தரமானார். சுவரிலிருந்த ஆறு தாள்களையும் கிழித்தார்கள். ஏழாவது, வண்ணம் முடியாமல், பீரோவுக்குப் பின்னால் கிடந்தது. நூலக மணியில் எங்களை விளையாட அனுப்பினார்கள். ரேடியோகூட ஒரு வாரம் பேசவில்லை. பிறகு பேசினான், வேறு விஷயங்கள். மற்ற வகுப்புப் பிள்ளைகள் 'பெரும்பாலும் டீச்சர் பேப்பர் திருடி' என்று கைதட்டிப் பாடினார்கள். அதில் பெரும்பாலும் என்ற வார்த்தை பெயராகத்தான் இருந்தது. மற்றபடி அவர்களுக்குச் சந்தேகமே இல்லை.

நான் பள்ளியை முடித்துச் சான்றிதழ் வாங்கப் போன அன்று வரிசை நீளமாக இருந்தது. சும்மா நிற்க என்னால் ஆகாது. ஏழு பி அறை வாசலிலிருந்து பழைய கட்டடத்து மாடிவரை நடந்து பார்த்தேன். மைதானத்தைச் சுற்றி, இரண்டு படிக்கட்டு ஏறி, நடைபாதைக் கோடியில் பொருள் அறை. தொட்டுவிட்டுத் திரும்பினேன். கைபேசியில் நேரம் பார்த்தேன். ஏழு நிமிடம்.

அந்த இரண்டு மணியோசைக்கும் நடுவில் ஐந்தே நிமிடம். முதல் மணி அடித்தபோது அவர் பெஞ்சில் இருந்தார். இரண்டாவது மணி அடிக்கும் முன்பே பெஞ்சில் இருந்தார். பூட்டைத் திறக்காமல், சீலைப் பிரிக்காமல், வெறுமனே போய் வரவே ஏழு நிமிடம். ஆகவே அவர் போயிருக்க முடியாது. இது 'பெரும்பாலும்' இல்லை. விதியிலிருந்து இறங்கி வரும் முடிவு. பன்னிரண்டு வயதிலேயே இதற்குத் தேவையானது எல்லாம் என் கையில் இருந்தது. பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும் என்று பிடித்துக்கொண்டு, பார்த்ததை வைத்து யோசிக்க மறந்துவிட்டேன். நடைபாதையிலேயே உட்கார்ந்து அழுதேன். அங்கே பெருக்கிக்கொண்டிருந்த ஆயா, "மார்க் கம்மியா?" என்று கேட்டார்.

பிறகு ஒரு வருடத்தில் மூன்று வேலை மாறினேன். நான்காவது, துணி துவைக்கும் இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி விற்கும் கம்பெனியின் புகார் அழைப்பு மையம். முதல் நாள் புதிதாகச் சேர்ந்தவர்களைப் பழைய ஊழியர் பக்கத்தில் உட்கார வைத்து, காதில் ஒரு ஹெட்போன் மாட்டிக் கேட்கச் சொன்னார்கள். எனக்குக் கிடைத்த பெண்மணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குரல்தான் முதலில் தெரிந்தது.

"நிச்சயமா மேடம். நாளைக்குள்ள நிச்சயமா ஆள் வந்துடுவார்."

அவர் முன்னால் கணினிக்கு மேல் ஒரு தாள் ஒட்டியிருந்தது. சொல்லக் கூடாத வார்த்தைகள் என்று தலைப்பு. இருக்கலாம். பெரும்பாலும். தெரியவில்லை. இவற்றைச் சொன்னால் மேற்பார்வையாளர் புள்ளி குறைப்பார். ஒவ்வொரு மேசையிலும் அந்தத் தாள் இருந்தது. ஆனால் அந்த மேசையில் அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

இடைவேளையில் பின்பக்கப் படிக்கட்டில் தேநீரோடு நின்றார். போய் எதிரில் நின்றேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"ஏழு பி. தண்ணி குடிக்கப் போனவ."

"டீச்சர்…"

"இங்க டீச்சர் கிடையாது. சீட் பதினாலு."

அழாமல் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்ததை ஒரே மூச்சில் கொட்டினேன். இரண்டு தடவை மணி அடித்தது, நடுவில் ஐந்து நிமிடம், நான் நடந்து பார்த்தது, ஏழு நிமிடம்.

"ஏழா? எனக்கு ஆறரை. நீ மெதுவா நடந்திருப்ப."

"உங்களுக்குத் தெரியுமா?"

"விசாரணைக்கு முந்தின நாளே நடந்து பாத்துட்டேன். அவங்ககிட்ட சொன்னேன். குற்றம் சாட்டப்பட்டவங்க போடற கணக்கை எப்படி எடுத்துக்கறதுன்னாங்க. ஆளைப் பிடிச்சுட்டாங்க. சரி, அந்தப் பொண்ணுகிட்ட மணி எப்ப அடிச்சுதுன்னு கேளுங்கன்னேன். கேட்டாங்களா?"

"இல்ல டீச்சர்."

"நீயாவது சொன்னியா?"

"அவங்க… கேக்கலையே."

அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும்னு நான் எந்த கிளாஸ்ல சொன்னேன்?"

"நீங்க முன்னாடியே என்கிட்ட சொல்லியிருக்கலாமே டீச்சர். சொல்லியிருந்தா அப்படியே சொல்லியிருப்பேனே."

"சொல்லிக் குடுத்துப் பேச வெச்சேன்னு அதையும் சேர்த்து எழுதியிருப்பார் உங்க எழுத்தர். அதுவும் தவிர, உங்களை அப்படியா நான் வளர்த்தேன்? நீங்களா யோசிச்சுடுவீங்கன்னு நெனச்சேன்." தம்ளரைக் கவிழ்த்து மீதித் தேநீரைப் படியில் ஊற்றினார். "அன்னைக்கு என்ன எழுதிட்டிருந்த, ஞாபகம் இருக்கா?"

"யார் நிரூபிக்க வேண்டும்."

"நாற்பது நிமிஷம் வண்ணம் அடிச்ச. ஒரு நிமிஷம் படிச்சிருந்தா, 'நான் ஏன் சார் நிச்சயமாச் சொல்லணும், அவருக்கு நிச்சயமாத் தெரியுமான்னு கேளுங்க'ன்னு சொல்லியிருப்ப. சொல்றவங்கதான் நிரூபிக்கணும். நான் எடுக்கலைன்னு நீ நிரூபிக்க வேண்டியதில்லை." பிறகு, எனக்கா தனக்கா என்று தெரியாத குரலில், "அதைத்தான் முதல் பாடமா வெச்சிருக்கணும். ஏழாவதா வெச்சேன்" என்றார்.

என்னை மன்னியுங்கள் என்றேன்.

"அப்ப உனக்கு வயசு பன்னெண்டு. உன்னை மன்னிக்க ஒண்ணும் இல்ல." கதவைத் திறந்தவர் திரும்பினார். "ஆனா உன்னைப் பாத்தா எனக்குப் பிடிக்கல. அதுவும் உண்மை. வேற யார் பக்கத்துலயாவது மாத்தித் தரச் சொல்லு."

மேற்பார்வையாளர் கை தட்டி அழைத்தார். அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். "நிச்சயமா சார்" என்ற குரல் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டது. இன்னும் அக்கா வீட்டில்தான் இருக்கிறார் என்று பக்கத்து மேசைக்காரர் சொன்னார். ஒன்பதாம் நாள் நான் அந்த வேலையை விட்டேன்.

பள்ளிக்குக் கடிதம் எழுதினேன், மணி அடித்த கணக்கோடு. பதில் வரவில்லை. வினாத்தாளை எடுத்தது யார் என்று இன்றும் எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் போனால், பேப்பர் திருடின டீச்சர் என்று இன்னும் பேசிக்கொள்கிறார்கள், சொல்கிற யாரும் அந்த மாடிப்படி ஏறிப் பார்த்தவர்கள் இல்லை.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இதைப் படித்தவர்கள் இன்னும் நாலு பேரிடம் சொல்லுங்கள். முடிந்தால் ஏழு பி-யில் என்னோடு அட்டை தூக்கிய யாராவது ஒருவர் காதில் விழும்வரை சொல்லுங்கள். என்னைப் பற்றி எப்படி வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் அன்று இரண்டு தடவை மணி அடித்ததை மட்டும் விட்டுவிடாதீர்கள்.